கடவுள் இதில் தெரிவாரா? மட்டுப்பாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறையிலிருந்து களியக்காவிளை போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். மழை இல்லாத மாதங்களில், அமாவாசையை ஒட்டி வருகிற சனிக்கிழமை ராத்திரி, மட்டுப்பாவில் ஒரு எட்டங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்காருவேன். (மட்டுப்பா என்றால் மொட்டைமாடி. நெல்லைக்கு வடக்கே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.)

முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இப்போது சர்ச்சு உபதேசியார் வருகிறார், அம்மன் கோவில் கமிட்டிச் செயலாளர் வருகிறார், தக்கலையிலிருந்து பைக்கில், இஸ்லாம் மார்க்கம் கற்றுக்கொடுக்கிற ஓர் உஸ்தாத் வருகிறார். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்று படியேறும்போதே அறிவித்துவிடும் தோழர் ஒருவரும் உண்டு. எல்லாரும் வியாழனின் நிலாக்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அரைமணி நேரத்தில் பேச்சு கடவுளிடம் போய் நின்றுவிடும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை எழுதிவைத்தால் ஒவ்வொரு தடவையும் தொண்டை வறள வேண்டாமே என்றுதான் இது.

சாரே, இதில் கடவுள் தெரிவாரா?

தெரியமாட்டார். தொலைநோக்கி என்பது ஒளியைப் பிடிக்கிற பாத்திரம். மழைக்கு முற்றத்தில் அண்டா வைக்கிறோமே, அதுபோல. வாய் அகலமாக அகலமாக அதிகம் பிடிக்கும். வேட்டைக்காரன் இடைவாளில் மங்கலாக ஒரு புகை தெரிகிறதே, ஓரியன் நெபுலா, அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 1,300 வருஷம் ஆகிறது. தமிழும் மலையாளமும் முழுசாகப் பிரியாத காலத்தில் கிளம்பி இன்றைக்கு உங்கள் கண்ணில் வந்து விழுகிறது. இதுவரைக்கும்தான் இந்தப் பாத்திரத்தின் வேலை.

கடவுள் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு பொருள் என்று இந்த மட்டுப்பாவுக்கு வருகிற எந்த மதத்தாரும் சொல்வதில்லை. அதனால் 'பார்த்தேன், இல்லை' என்று தோழர் சொல்வதும் எடுபடாது. ரப்பர் ஷீட்டைத் தராசில் போட்டால் எடை தெரியும், நாற்றம் தெரியாது. நாற்றமே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

பின்னே கடவுளைத் தேடுகிறவர் எதற்கு இதில் கண்ணை வைக்கணும்?

பார்ப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்வதற்கு. கண்ணைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். படியேறி வந்த உடனே தொலைநோக்கியில் பார்க்கிறவர் பத்துக்கு ஒன்பது பேர் "ஒண்ணும் தெரியல்லியே" என்பார்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிஷம் பிடிக்கும். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தை வாங்குகிற கோல் செல்களில் ரொடாப்சின் என்கிற நிறமி மெதுவாகத்தான் ஊறும். நடுவில் ஒருவர் செல்போனை எடுத்து வாட்சாப் பார்த்தால் போச்சு, முதலிலிருந்து உட்கார வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மிக மங்கலான பொருளை நேராக முறைத்தால் மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் எழும்பி வரும். விழித்திரையின் நட்டநடுவில் அந்தக் கோல் செல்கள் கிடையாது என்பதுதான் காரணம். பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. உஸ்தாத் மட்டும் அன்றைக்கு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திக்ருக்கு உட்கார்ந்தாலும் இதேதான் சாரே. வா வா என்று கூப்பிட்டால் வராது" என்றார். (திக்ர் என்றால் இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது.)

எங்களுக்கு அடுத்த தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு வருவார், நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு. நாங்கள் கூட்டம் முடித்துக் கிளம்புகிற சமயமும் சில நாள் அதுவாகத்தான் இருக்கும். எங்களுக்காக ஒரு நாள் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றார். "அணைச்ச ஒடனே குருடு மாதிரி இருக்கும் சாரே. கொறச்சு நேரம் நின்னா செரட்டையில கெடக்குற பால் மொதல்ல வெளுப்பாத் தெரியும். பின்ன மரம் ஒண்ணொண்ணா வரும்." நான் வகுப்பில் கோல் செல், கூம்பு செல் என்று படம் போட்டு நடத்தியது முழுக்க இந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. தியானம் என்று பெரிய பேச்சுப் பேசுகிறவர்கள் சொல்வதும் இதற்கு மேல் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். வெளிச்சத்தை அணைப்பதற்கு எல்லாரும் தயார். அந்தக் கொறச்சு நேரம் நிற்பதற்குத்தான் ஆளில்லை.

ஆன்மிகத்துக்கும் தொலைநோக்கிக்கும் இப்படி முடிச்சுப் போடுவது நீங்களாகக் கண்டுபிடித்ததா?

இல்லை. இந்தத் தொலைநோக்கியின் கதையே அதுதான். மார்த்தாண்டத்து ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் பெட்டி செய்து தந்தார். அந்தப் பெட்டியின் மேல் குழாயைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சுழற்றுகிற இந்த அமைப்புக்கு டாப்சோனியன் என்று பெயர். ஜான் டாப்சன் என்பவரின் பெயர் அது. அவர் யார் தெரியுமா? சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 1944-ல் சேர்ந்த ராமகிருஷ்ண மடத்துத் துறவி. நாத்திகராக இருந்து அங்கே போனவர். அந்தச் சங்கத்தை 1900-ல் தொடங்கியவர் விவேகானந்தர். 1892 டிசம்பரில் நம் கன்னியாகுமரிப் பாறையில் உட்கார்ந்திருந்த அதே விவேகானந்தர்.

மடத்தில் டாப்சனுக்குக் கொடுத்த வேலை, அறிவியலும் வேதாந்தமும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. மனிதர் ஒரு கப்பல் ஜன்னலின் வட்டக் கண்ணாடியை எடுத்துக் கையாலேயே தேய்த்துத் தொலைநோக்கி ஆடியாக்கினார். நிலாவை அதில் பார்த்ததும் இதை ஊரார் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ராத்திரி மடத்தை விட்டு வெளியே போய்த் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது. மடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் ஆள் இல்லை என்று புகார். கடைசியில் 1967-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுவருஷமே நடைபாதையில் தொலைநோக்கியை வைத்துப் போகிற வருகிறவர்களைக் கூப்பிடுகிற ஒரு குழுவைத் தொடங்கினார். 2014-ல் 98 வயதில் இறக்கும்வரை அதே வேலை.

மடம் செய்தது சரியா தப்பா என்று கமிட்டிச் செயலாளரும் தோழரும் ஒரு ராத்திரி முழுக்க வழக்காடினார்கள். விசித்திரம் என்னவென்றால் செயலாளர் டாப்சன் பக்கம், தோழர் மடத்தின் பக்கம். "சங்கம்னா ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்கிறார் தோழர்.

கல்யாணத்தில் அருந்ததி காட்டுகிறார்களே, அதற்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம்?

என் கல்யாண முகூர்த்தம் காலை பத்தரைக்கு. வாத்தியார் வாசலில் நிறுத்தி வானத்தைக் காட்டி "அருந்ததி தெரியுதா?" என்றார். உச்சிவெயில் ஏறிக்கொண்டிருந்தது. "தெரியுது" என்றேன். என் மனைவியும் "தெரியுது" என்றாள். எங்கள் இல்லறத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் பொய் அது.

நிஜமாகப் பார்க்க வேண்டும் என்றால் பங்குனி, சித்திரையில் முன்னிரவில் வாருங்கள். வடக்கே ஏழு முனிவர் கூட்டம் நன்றாக உயர்ந்திருக்கும். (துருவ நட்சத்திரத்தைக் கேட்காதீர்கள். நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகைதான், ரப்பர் மறைத்துவிடும்.) முதலில் ஏழையும் காட்டுவேன். பிறகு வாலில் நடு நட்சத்திரமான வசிட்டரை. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சின்னதாக அருந்ததி. எடுத்த எடுப்பில் அந்தச் சின்னதைக் காட்டினால் யாருக்கும் பிடிபடாது. அதனால் பெரிய ஒன்றை 'இதுதான்' என்று காட்டி, கண் அங்கே நிலைத்ததும் 'இது இல்லை, பக்கத்தில் பார்' என்று நகர்த்துவது. வேதாந்திகள் இதை அருந்ததி நியாயம் என்றார்கள். கோவில், விக்கிரகம், நாமம், ஜெபமாலை எல்லாம் அந்த வசிட்டர் மாதிரி என்று எனக்குப் படுகிறது. செயலாளர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "வசிட்டரும் நட்சத்திரம்தானே சாரே?" என்கிறார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

விண்வெளிக்குப் போனவர்கள் யாராவது கடவுளைப் பார்த்தார்களா?

'மேலே போய்ப் பார்த்தேன், கடவுளைக் காணோம்' என்று ககாரின் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1961 ஏப்ரல் 12 பயணத்தில் அவர் பேசிய பதிவுகளில் அந்த வாக்கியம் கிடையாது. அதே பத்தாண்டில், 1968 டிசம்பர் 24 அன்று, நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்லோ 8 வீரர்கள் மூவரும் ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களை வாசித்தார்கள். நம் ராகேஷ் ஷர்மா 1984-ல் அங்கே யோகாசனம் செய்து பார்த்தார். அவரவர் இங்கிருந்து எதைக் கொண்டுபோனார்களோ அதுதான் அங்கேயும் கூட இருந்தது.

பெருவெடிப்பு நடந்தது என்றால் வெடிக்கவைத்தவர் ஒருவர் வேண்டுமே?

உபதேசியாரின் நிரந்தரக் கேள்வி. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. அது விரிகிறது, ஒரு காலத்தில் ஒடுங்கி இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்கக் குருவானவர். 1927-ல் எழுதினார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்தக் கண்டுபிடிப்பு படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் உரையாற்றினார். சந்தோஷப்பட வேண்டியவர் லெமெத்ர்தானே? அவருக்கு அது பிடிக்கவே இல்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் அந்தச் சமன்பாடு ஒன்றுதான்.

எனக்கு அந்தக் குருவானவர் மேல் பெரிய மரியாதை உண்டு. காலையில் பூசை வைத்தார், பிறகு கணக்குப் போட்டார். ஒன்றை மற்றதற்கு முட்டுக்கொடுக்கக் கூப்பிடவில்லை. நாளைக்குக் கணக்கு மாறினால் கடவுளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

செர்ன் ஆய்வகத்தில் நடராஜர் சிலை இருக்கிறதாமே? 'கடவுள் துகள்' கண்டுபிடித்தாகிவிட்டதாமே?

செர்ன் என்பது ஜெனீவா பக்கத்தில் உள்ள அணுத்துகள் ஆய்வகம். சிலை இருக்கிறது. 2004-ல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. 2012-ல் அவர்கள் கண்டறிந்தது ஹிக்ஸ் போசான். 'கடவுள் துகள்' என்பது ஒரு புத்தகத் தலைப்பில் வந்து ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், துகளுக்கும் கடவுளுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள் நின்றுபோகிறது என்கிற ஃபார்வர்டையும் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

சனிப்பெயர்ச்சி எனக்கு எப்படி இருக்கும்?

சனியைக் காட்டுவேன், வளையத்தோடு. பலன் சொல்லமாட்டேன்.

அறிவியலும் பக்தியும் சண்டைபோடாமல் இருந்த இடம் ஏதாவது காட்ட முடியுமா?

ரொம்ப தூரம் போக வேண்டாம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதால் ராக்கெட் விட அந்தக் கடற்கரைதான் வேண்டும் என்று விக்ரம் சாராபாய் வந்து நின்றபோது அங்கே இருந்தது மகதலேனா மரியாள் ஆலயமும் மீனவக் குடிகளும். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு பூசையில் ஜனங்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கினார் என்பது அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை. ஆலயம் அலுவலகமாயிற்று, இன்றைக்கு விண்வெளி அருங்காட்சியகம்.

1963 நவம்பர் 21 சாயந்திரம் முதல் ராக்கெட் போனது. அது மேலே விட்ட சோடியம் ஆவி அந்தி வானத்தில் செம்மஞ்சளாகப் படர்ந்தது. குழித்துறை ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த என் அப்பா அதைப் பார்த்துவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தாராம். அம்மச்சி விளக்கேற்றிக் கும்பிட்டாளாம். மறுநாள் பேப்பரில் விவரம் படித்துச் சொன்ன பிறகும், "இருந்தா என்ன, கும்பிட்டது வீணாவா போவும்?" என்று கேட்டாளாம்.

சண்டையே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஊரை விட்டுப் பெயர்ந்தவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது.

சாமித்தோப்பில் சாமி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருக்கிறதே, ஏன்?

வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்பது. கேள்வி நல்லது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சாமித்தோப்பு, கன்னியாகுமரிப் பக்கத்தில் அய்யாவழிக்காரர்களின் தலைமைப்பதி. அய்யா வைகுண்டர் (1809–1851) வகுத்த அந்த வழிபாட்டில் விக்கிரகம் கிடையாது. உள்ளே ஒரு நிலைக்கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நெற்றியில் சுடர்போல வெள்ளை நாமம். கும்பிட நிமிர்ந்தால் எதிரே தெரிவது தலைப்பாகையும் நாமமுமாக உங்கள் முகம்.

இன்றைக்குப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இது 'உனக்குள்ளே கடவுள்' என்கிற சுகமான தத்துவமாகத் தெரியும். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் வைத்துப் பாருங்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட ஜாதிக்காரன் தலையில் துணி கட்டக்கூடாது, பெண்கள் மாராப்புப் போடக்கூடாது. சில கிலோமீட்டர் தள்ளிச் சுசீந்திரம் கோவில், அவனுக்கு வாசல் அடைப்பு. திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936 நவம்பர் 12 அன்றுதான். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னால் ஒருவர், 'தலைப்பாகை கட்டு, நிமிர்ந்து நில், உள்ளே இருக்கிறவரைப் பார்' என்று சொல்கிறார். பனையேறிப் பனையேறி நெஞ்சு காய்த்தவன் கண்ணாடியில் தன்னை அப்படி முதல்தடவை பார்த்த நிமிஷத்தை யோசித்துப் பாருங்கள். வீட்டில் கண்ணாடியே இல்லாதவனாகவும் இருந்திருப்பான். மகாராஜாவின் ஆட்கள் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

நாராயண குரு 1888-ல் அருவிப்புறத்தில் நெய்யாற்றுக் கல்லை எடுத்துச் சிவனாக நாட்டியது எல்லாருக்கும் தெரியும். வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தில், 1927-ல், சேர்த்தலை அருகே களவங்கோட்டில் அவர் பிரதிஷ்டை செய்ததும் ஒரு கண்ணாடி. இளமையில் அவர் தவம் இருந்த மருந்துவாழ்மலை சாமித்தோப்புக்குப் பக்கம்தான். இதிலிருந்து அது வந்தது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்த வழக்குக்குப் போகவில்லை.

என் தொலைநோக்கியின் அடியிலும் ஒரு கண்ணாடிதான். பகலில் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் நம் முகம்தான் பூதாகாரமாகத் தெரியும். பிள்ளைகளுக்கு வியாழனைவிட அது பிடிக்கும்.

நீங்கள் கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா?

சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அப்பா இறந்த வருஷம், எனக்கு இருபத்தாறு வயது. மருந்துவாழ்மலையில் குரு இருந்த பிள்ளைத்தடம் குகைக்குப் போய் இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும். இரண்டாம் ராத்திரி விடிகிறதற்குக் கொஞ்சம் முன்னால், கன்னியாகுமரிக் கலங்கரை விளக்கு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே, பார்க்கிற ஆள் காணாமல் போனார். காற்று இருந்தது, பாறை இருந்தது, வானம் இருந்தது. 'நான்' என்று ஒரு தனி ஆள் அங்கே நிற்கவில்லை. பயமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பசிமயக்கம் என்று தோழர் சொல்கிறார். இருக்கலாம். கிருபை என்கிறார் உபதேசியார். அதுவும் இருக்கலாம். கீழே இறங்கி மூன்றாம் நாள் ஆறு சென்ட் நிலத்துக்காக அண்ணனோடு வழக்காடி, சொல்லக்கூடாத வார்த்தை சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் அந்த ராத்திரியை நான் யாரிடமும் சாட்சியாக வைப்பதில்லை. மறக்கவும் இல்லை.

கடவுளைக் கண்டேன் என்று சொல்கிறவர்களை நம்பலாமா?

காசு கேட்டால் வேண்டாம். அவசரப்படுத்தினால் வேண்டாம். மற்றபடி அவர் தன் வீட்டு வேலைக்காரியிடம் எப்படிப் பேசுகிறார் என்று நாலு நாள் பாருங்கள்.

தக்கலை தர்காவில் சூஃபிப் புலவர் பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை வருஷாவருஷம் ராத்திரி முழுக்க ஓதுகிறார்கள். தறி நெய்து பிழைத்தவர் அவர். நெய்ததையும் பாடியதையும் விட்டுவிட்டுப் போனார், 'கண்டேன்' என்று போர்டு மாட்டவில்லை.

பிள்ளைகள் இப்படியெல்லாம் கேட்கலாமா?

கேட்கட்டும். ஐந்தாம் வகுப்பில் 'கடவுளை யார் செய்தார்கள்' என்று கேட்டதற்கு என் காதைத் திருகியவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காது இன்னும் வலிக்கிறது.

வானம் இவ்வளவு பெரிது. இதில் என்னை யாருக்குத் தெரியும்?

நம் பால்வீதியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரங்கள் என்று சொல்லி முடித்தேன் ஒரு நாள். பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, எண்பது தாண்டியவர், "மக்களே" என்று கூப்பிட்டார். "எனக்க ஆளு போன எடம் இதுல தெரியுமா?"

முப்பத்தைந்து வருஷமாகக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்கு வரவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து கார்த்திகைக் கூட்டத்துக்கு நேராகக் குழாயைத் திருப்பி வைத்தேன். வெறுங்கண்ணில் ஆறு என்று எண்ணுவோமே, இதில் இன்னும் நிறையக் கொட்டிக் கிடக்கும். ரொம்ப நேரம் பார்த்தார். மூச்சுப் பட்டு லென்ஸில் ஆவி படிந்தது, முந்தானையால் துடைக்கப் போனார், தடுத்தேன். "கார்த்திகைக்கு அவரு விளக்கு வச்சாத்தான் எனக்குத் தீவாளி" என்றார். மறுமாதமும் வந்தார். வேறு எதையும் பார்க்க வேண்டாம், அதையே காட்டு என்றார்.

அடுத்த கூட்டம் எப்போது? என்ன கொண்டுவரணும்?

அமாவாசைக்குப் பக்கத்துச் சனிக்கிழமை, ஏழரைக்கு மேல். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் நன்றாக இருக்கும், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிவிட்டால் கிடையாது. உட்காரப் பாய் கொண்டுவாருங்கள். கொசுவத்தி நான் வைப்பேன். செல்போனைக் கீழே திண்ணையில் வைத்துவிட்டு ஏற வேண்டும், டார்ச்சும் கூடாது. படிக்கட்டில் ஆறாவது படி உடைந்திருக்கிறது, இருட்டில் அதை மட்டும் தாண்டி வையுங்கள். மேகம் மூடினால் கட்டஞ்சாயா (பால் விடாத தேநீர்) உண்டு.